ஸ்மார்ட் டிவி வந்துவிட்டது, கேபிளைக் கட் பண்ணலாமா?

புது டிவி சுவரில் ஏறிய அன்றே வீட்டில் இந்தப் பேச்சு வந்துவிடும். "இதுலதான் எல்லாம் இருக்கே, இனி கேபிளுக்கு எதுக்கு மாசாமாசம் தண்டம்?" கேட்பவர் மகனாகவோ மருமகளாகவோ இருப்பார். காலையில் வேலைக்குப் போய் இரவு திரும்புகிறவர். பகலெல்லாம் அந்த டிவியோடு இருக்கப்போவது அம்மா, இல்லையென்றால் ஓய்வுபெற்ற அப்பா. முடிவெடுப்பவர் ஒருவர், பார்ப்பவர் இன்னொருவர். இந்த விஷயத்தில் எடுக்கப்படும் தப்பான முடிவுகளில் பாதி இதனால்தான் வருகிறது என்பது என் எண்ணம்.

ஆகவே இந்த ஒப்பீட்டை வீட்டில் இருக்கும் பெரியவர்களை வைத்தே செய்கிறேன். கேபிள், டிடிஎச், மாதக் கட்டணம் இல்லாத தூர்தர்ஷன் ஃப்ரீ டிஷ், இணையம் என நான்கு வழிகள் உண்டு. எந்த வழியில் எத்தனை சேனல் என்பதைக் கடைக்காரரே சொல்லிவிடுவார். அவர்களுடைய மாலைப் பொழுது எந்த வழியில் என்ன ஆகிறது என்பதுதான் எனக்கு முக்கியம்.

அதற்கு முன் ஒரு வழக்கை முடித்துவிடலாம். டிவி பார்ப்பது வெட்டிப்பொழுது என்று சொல்கிறவர்கள் எல்லா வீட்டிலும் இருக்கிறார்கள். அந்தப் பேச்சில் கொஞ்சம் உண்மையும் உண்டு. அமெரிக்காவில் ராபர்ட் கியூபி, மிகாய் சிக்சென்ட்மிகாயி என்ற இரு ஆய்வாளர்கள், ஆட்களின் கையில் பேஜரைக் கொடுத்து, அது ஒலிக்கும்போதெல்லாம் அந்த நிமிடம் என்ன செய்கிறார்கள், மனநிலை எப்படி இருக்கிறது என்று எழுதச் சொன்னார்கள். டிவி முன்னால் இருக்கும்போது உடலும் மனசும் இளகி இருப்பதாக எழுதியவர்கள், அணைத்த பிறகு அந்த இளைப்பாறல் போய்விட்டது, மந்தம் மட்டும் மிச்சம் என்று எழுதினார்கள். அதிக நேரம் பார்ப்பவர்களுக்கு அதில் கிடைத்த சந்தோஷமும் குறைவாகவே இருந்தது. இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இவ்வளவுதான்: டிவிக்கு ஒரு தொடக்கமும் முடிவும் வேண்டும். ஏழு மணிக்கு ஆரம்பித்து ஒன்பதரைக்கு முடிகிற டிவி வேறு, மதியம் போட்டு ராத்திரிவரை ஓடுகிற டிவி வேறு.

நம் ஊரில் இன்னொன்றும் இருக்கிறது. மாலை விளக்கேற்றிய பிறகு வரும் அந்த இரண்டு மணி நேரம்தான், வீட்டு வேலையிலேயே கிடக்கும் பல பெண்களுக்கு நாளில் முதல் முறையாகத் தனக்கென்று கிடைக்கும் நேரம். மறுநாள் காலை பால் வாங்கும் இடத்தில் "நேத்து பாத்தீங்களாக்கா, அந்த மாமியார் என்ன பேச்சு பேசுனா" என்று தொடங்கும் அரட்டை வரை அந்த நேரம் நீளும். 1975 ஆகஸ்ட் 15-ல் சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கிய பிறகு, வெள்ளிக்கிழமை சினிமாப் பாட்டுக்காகத் தெருவே ஒரே வீட்டில் கூடியது. 1993 ஏப்ரல் 14-ல் சன் டிவி வந்தது, பிறகு அரசே வீட்டுக்கு வீடு வண்ணத் தொலைக்காட்சி கொடுத்தது, ஒரே திண்ணையில் உட்காரும் தேவை போனது. ஒரே நேரத்தில் ஒரே கதையைப் பார்ப்பது மட்டும் போகவில்லை. எந்த இணைப்பு அதைக் காப்பாற்றுகிறது, எது கெடுக்கிறது என்பதை வைத்துத்தான் நான் மதிப்பெண் போடுவேன்.

கேபிளும் அந்தத் தம்பியும்

கேபிளின் விலை வரலாறு கொஞ்சம் கோணலானது. 2011-ல் அரசு கேபிளில் மாதம் 70 ரூபாய் என்று வந்தபோது அது அரிசி விலை மாதிரி எல்லார் வாயிலும் இருந்தது. பிறகு செட்டாப் பாக்ஸ் வந்தது. 2019 பிப்ரவரி 1 முதல் டிராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) விதி மாறி, பார்க்கும் சேனலுக்கு மட்டும் காசு என்று ஆனது. அடிப்படைக் கட்டணம் 130 ரூபாய், 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து 153 ரூபாய் 40 காசு. அதில் 100 சேனல். மறு ஆண்டே அதே காசுக்கு 200 சேனல் என்று திருத்தினார்கள். 2024-ல் அந்த 130 ரூபாய் உச்சவரம்பையும் எடுத்துவிட்டார்கள். கட்டணச் சேனல்களுக்கு இதற்கு மேல் தனிக் காசு. பெரிய பொழுதுபோக்குச் சேனல்களைத் தனித்தனியாக வாங்கினால் ஒவ்வொன்றும் மாதம் 20 ரூபாயை ஒட்டி வரும். அதனால் எல்லாரும் கடைசியில் 'பேக்' என்ற மூட்டையைத்தான் வாங்குகிறார்கள். 'வேண்டியதற்கு மட்டும் காசு' என்ற விதி, வேண்டாத நாற்பது சேனலோடு வேண்டிய ஆறைக் கட்டித் தருவதில் வந்து நிற்கிறது. மொத்தத்தில் மாதம் 200 முதல் 300 ரூபாய்க்குள் ஒரு தமிழ் வீட்டின் தேவை முடிந்துவிடும்.

விலைக்காக நான் கேபிளைச் சொல்லவில்லை. கேபிள்காரர் பக்கத்துத் தெருவில் இருக்கிறார் என்பதுதான் அதன் பெரிய பலம். பெரியவர்கள் இருக்கும் வீட்டில் டிவி எப்படி நின்றுபோகும் என்று பார்த்திருப்பீர்கள். இரண்டு ரிமோட் இருக்கும், டிவிக்கு ஒன்று, பாக்ஸுக்கு ஒன்று. சத்தம் கூட்டப் போய் டிவி ரிமோட்டில் பக்கத்துப் பட்டனை அமுக்கிவிடுவார்கள். திரை நீலமாகி 'நோ சிக்னல்' என்று மிதக்கும். என்ன அமுக்கினோம் என்று அவர்களுக்கே தெரியாது. வெளியூரில் இருக்கும் மகனுக்குப் போன் போகும். "டிவி வரல." "என்னம்மா எழுதியிருக்கு?" "என்னமோ இங்கிலீஷ்ல ஓடுது." மகன் மீட்டிங்கில் இருப்பான். அம்மா அடுத்த போனைக் கேபிள்காரருக்குப் போடுவார். "தம்பி, செத்த வந்து பாத்துட்டுப் போப்பா, எட்டு மணிக்குள்ள வா." அவர் வசூலுக்கு வரும் வழியில் வண்டியை நிறுத்தி, செருப்பைக் கழற்றாமல் வாசலில் நின்றபடியே ரிமோட்டை வாங்கி இரண்டு பட்டனை அமுக்கிக் கொடுத்துவிட்டுப் போவார். எந்த ஆப்பின் வாடிக்கையாளர் சேவையும் இதைச் செய்யாது.

குறையும் உண்டு. பேக் மாறும் மாதத்தில் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு சேனல் காணாமல்போகும். ரசீது கேட்டால் சில ஊர்களில் முகம் சுளிப்பார்கள். தெருவில் கரண்ட் போனால், உங்கள் வீட்டில் இன்வர்ட்டர் இருந்தாலும் படம் நின்றுவிடலாம். கம்பி வரும் வழியில் சிக்னலைக் கூட்டும் ஆம்ப்ளிஃபயருக்கும் கரண்ட் வேண்டுமே. மரக்கிளை விழுந்து வயர் அறுந்தால் அந்தத் தெரு முழுக்க அன்றைக்குச் சீரியல் இல்லை. ஆனால் தெரு முழுக்க இல்லை என்பதே ஒரு பேச்சு.

கூரையில் டிஷ்

டிடிஎச்சில் சேனல்களும் விலையும் ஏறத்தாழ இவைதான். எச்டி படம் கொஞ்சம் தெளிவு, தெருவில் கரண்ட் போனாலும் இன்வர்ட்டரில் ஓடும். கம்பி போகாத தோட்ட வீடு, மலைக் கிராமம், புதிதாக மனை பிரித்து நான்கே வீடு எழும்பியிருக்கும் நகர் என்றால் யோசிக்காமல் இதைப் போடுங்கள். இரண்டு தொல்லைகளைச் சகித்துக்கொள்ள வேண்டும். ஒன்று மழை. செயற்கைக்கோளிலிருந்து டிஷ்ஷுக்கு வரும் அலை கனமழையில் உறிஞ்சப்பட்டுவிடும். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை மாலையில் வெளுத்து வாங்கும்போது, வெளியே போக வழியில்லாமல் டிவி முன்னால் உட்கார்ந்தவர்களுக்குத் திரை கட்டம் கட்டமாக உடையும். மற்றொன்று ரீசார்ஜ். கேபிள்காரர் இரண்டு நாள் பொறுப்பார், டிடிஎச் பொறுக்காது. மகன் மறந்த அன்று அம்மாவின் சீரியல் நின்றுவிடும்.

ஃப்ரீ டிஷ் 2004 டிசம்பரிலிருந்து இருக்கிறது. டிஷ்ஷும் பாக்ஸும் ஒரு தடவை வாங்கினால் முடிந்தது, மாதம் ஒரு பைசா கிடையாது. டிடி தமிழ் வரும் (2024 ஜனவரி வரை பொதிகை என்று நாம் அழைத்ததுதான்). கட்டணச் சேனல்கள் வராது, கிடைப்பதில் பெரும்பகுதி இந்தி. சீரியல் பார்க்கும் வீட்டுக்கு இது சரிவராது. தோப்பில் காவல் இருப்பவருக்கு, வாடகை வீட்டின் இரண்டாவது டிவிக்கு, சந்தா என்ற சொல்லே பிடிக்காத ஆட்களுக்குச் சரி.

இணையம்: எல்லாம் இருக்கிறது, வழிதான் நீளம்

இப்போது உண்மையான போட்டிக்கு வருவோம். இணைய வழியில் அருமையான விஷயங்கள் இருக்கின்றன, அதை மறுத்துவிட்டுக் கேபிளைத் தூக்கிப்பிடிப்பது நியாயமில்லை. தவறவிட்ட பகுதியை நினைத்த நேரத்தில் பார்க்கலாம். காது மந்தமானவர்கள் ஒரு வசனம் புரியவில்லையென்றால் பின்னால் ஓட்டிக் கேட்கலாம். முன்னால் ஓடிய தொடர்களை முதலிலிருந்து ஒரு ஓட்டு ஓட்டலாம். மூட்டு வலியில் படுத்திருந்த எனக்குத் தெரிந்த ஒரு பெரியம்மா அப்படித்தான் ஒரு முழுத் தொடரையும் முடித்தார். செய்திச் சேனல்கள் பல யூடியூபில் நேரலையாகவே இலவசம். தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதி 2024 நவம்பரில் தொடங்கிய வேவ்ஸ் ஆப்பில் தூர்தர்ஷனின் பழைய சரக்கும் கிடைக்கிறது.

கணக்கைப் பார்ப்போம். ஃபைபர் இணைப்பு வரியோடு மாதம் ஐந்நூறு ரூபாயை ஒட்டி வரும். வீட்டில் ஏற்கெனவே இருந்தால் அது புதுச் செலவில்லை, சரி. ஆனால் சீரியல் பார்ப்பவர் ஒரே சேனலோடு நிற்பதில்லை. ஆறரைக்கு ஒன்றில், ஏழரைக்கு வேறொன்றில், எட்டரைக்கு மறுபடி முதலாவதில் என்று தாவுவார். சன் டிவி தொடர்கள் சன் நெக்ஸ்டில், விஜய் டிவியுடையவை ஜியோஹாட்ஸ்டாரில், ஜீ தமிழ் தொடர்கள் ஜீ5-ல். கேபிளில் மூன்று எண்களாக இருந்தவை இங்கே மூன்று ஆப், மூன்று சந்தா, மூன்று கடவுச்சொல். 'ஒரே ஆப் போதும்' என்று நினைத்துக் கேபிளைக் கட் பண்ணிய வீடுகளில் அடுத்த மாதமே இரண்டாவது சந்தா ஏறும்.

ஃபைபர் இல்லாமல் செல்போன் டேட்டாவிலேயே ஓட்டலாம் என்பவர்களுக்கு: எச்டி தரத்தில் ஒரு மணி நேரம் பார்க்க ஏறத்தாழ 3 ஜிபி வரை போகும். ஒரு நாளைக்கு 2 ஜிபி தரும் பேக் ஒரு சீரியலைத் தாண்டி அடுத்த சீரியலின் நடுவில் மூச்சை விட்டுவிடும். தரத்தைக் குறைத்தால் தாங்கும், ஆனால் பெரிய திரையில் முகமெல்லாம் மாவு பூசியதுபோல இருக்கும்.

பணத்தைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. நம் பெரியவர்கள் டிவியைப் பாதி நேரம் பார்ப்பதில்லை, கேட்கிறார்கள். அம்மா தரையில் அருவாமணை வைத்துக் கீரை ஆய்வார், பூ கட்டுவார், நாளைக்கான மொச்சையை உரிப்பார். வசனத்தில் ஒரு திருப்பம் வரும்போது மட்டும் தலை நிமிரும். மாமியார் குரலை உயர்த்தினால் கை நிற்கும், பின்னணி இசை மூன்று முறை அதிர்ந்தால் மூன்று முறை திரையைப் பார்ப்பார், பிறகு மறுபடி கீரை. சீரியல் எடுப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அதனால்தான் ஒரே செய்தியை நான்கு பேர் வாயால் சொல்ல வைக்கிறார்கள், நாமெல்லாம் கேலி செய்யும் அந்த முகபாவ அதிர்ச்சிகளைத் திரும்பத் திரும்பக் காட்டுகிறார்கள். கைவேலையோடு கேட்பவருக்காகச் செய்த சரக்கு அது.

விளம்பரமும் அந்த வாழ்க்கையில் பொருந்தி உட்கார்ந்திருக்கிறது. ஒரு மணி நேரத்துக்கு 12 நிமிடத்துக்கு மேல் விளம்பரம் கூடாது என்று விதி இருக்கிறது. அரை மணிச் சீரியலுக்கு அது ஆறு நிமிடம். அந்த ஆறு நிமிடத்தில் குக்கரை இறக்கி, மாவைக் கரைத்து, மாத்திரையும் போட்டுக்கொண்டு திரும்பிவிடுவார்கள். ஆப்பில் இதற்குப் பதிலாக நிறுத்தி வைக்கும் பட்டன் இருக்கிறதே என்பார் மகன். ஈரக் கையோடு யார் ரிமோட்டைத் தொடுவது?

ரிமோட் என்றதும் இன்னொன்று. கேபிள் பாக்ஸின் ரிமோட், பாலிதீன் உறை போட்டு ரப்பர் பேண்டால் கட்டியது, எண்கள் அழிந்துபோயிருந்தாலும் அம்மாவின் கட்டைவிரலுக்கு வழி தெரியும். ஸ்மார்ட் டிவி ரிமோட்டில் பெரும்பாலும் எண்களே இல்லை. நடுவில் ஒரு வளையம், மேலே ஒரு மைக். அதை அமுக்கிச் சீரியல் பெயரைச் சொன்னால் சில சமயம் வரும், சில சமயம் சீரியலைப் பற்றி யாரோ பேசிய வீடியோ வரும். அதற்குள் யார் பார்க்கிறார்கள் என்று ஒரு திரை கேட்கும், அப்டேட் வந்திருக்கிறது என்று இன்னொன்று கேட்கும். நமக்கு ஐந்து நொடி வேலை. எழுபது வயதில், கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு மாலையும் இதைச் செய்யச் சொல்வது, வாசலில் பூட்டுப் போட்டுவிட்டுச் சாவியை ஒளித்துவைப்பதற்குச் சமம்.

ஆப்பில் கதை தானாக வந்து நிற்பதில்லை, ஒவ்வொரு முறையும் தேர்ந்தெடுக்க வேண்டும். தேர்ந்தெடுத்தால் அதோடு முடிவதுமில்லை. ஒரு பகுதி முடிந்ததும் அடுத்தது தானே ஓடும். யூடியூபில் இன்னும் மோசம்: பக்திப் பாட்டில் தொடங்கி, ராசிபலனுக்குப் போய், 'சர்க்கரையை ஏழே நாளில் விரட்டும் கஷாயம்' என்பதில் நிற்கும். மாத்திரையை நிறுத்தலாமா என்று பெரியவர்கள் கேட்க ஆரம்பிப்பது இங்கேதான். பேஜர் ஆய்வில் தெரிந்த அந்த மந்தம், முடிவே இல்லாத இந்த ஓட்டத்துக்கு நன்றாகவே பொருந்தும்.

கிரிக்கெட்டுக்கு ஒரு தனி வரி. இணைய நேரலை, கேபிளைவிடப் பல நொடிகள் பின்தங்கி வரும். பந்து இன்னும் கையில் இருக்கும்போதே எதிர்வீட்டில் விசில் பறந்தால், உங்களுக்கு அந்த விக்கெட் பழைய செய்திதான்.

யார் கட் பண்ணலாம்

இரவுப் பணிக்குப் போகிற செவிலியர், ஐடியில் இருவரும் வேலை செய்து ஒன்பதரைக்குச் சாப்பிட உட்காரும் தம்பதி, சீரியல் பக்கமே போகாமல் வாரம் ஒரு படம் பார்க்கிறவர் இவர்களெல்லாம் கேபிளுக்குக் கட்டும் காசு வீண்தான். ஏழு மணி அவர்களுடையது இல்லை. வெளிநாட்டுத் தமிழர்களுக்கும் இதுவே. இங்கே இரவு ஏழு என்றால் டொரண்டோவில் காலை எட்டரையோ ஒன்பதரையோ, வேலைக்குப் போகிறவருக்கு நேரலை எந்த உதவிக்கும் ஆகாது. பேரனைப் பார்த்துக்கொள்ளப் போன பாட்டிக்கு மட்டும், பள்ளிக்கு அனுப்பிவிட்டுக் காப்பியோடு உட்கார அதுவே தோதான நேரம்.

பெரியவர்கள் இருக்கும் வீட்டுக்கு என் சிபாரிசு: ஹாலில் இருக்கும் டிவிக்குக் கேபிள் (கம்பி வராத இடத்தில் டிடிஎச்), இணையம் மற்றவர்களின் செல்போனுக்கு. இப்படிச் செய்தால் ரிமோட் சண்டையும் தீரும். மேட்ச் பார்க்கிற பேரன் போனில் பார்க்கட்டும், சில நொடி தாமதத்தை அவன் தாங்கிக்கொள்வான். நல்ல படம் ஒன்றைச் சேர்ந்து பார்க்க வேண்டுமானால் ஞாயிற்றுக்கிழமை யாராவது உட்கார்ந்து ஸ்மார்ட் டிவியில் போட்டுக் கொடுங்கள். ஒரு ஆப்பின் சந்தா போதும், மூன்று வேண்டாம்.

இதற்கு எதிராக வரும் வாதம் ஒன்று எனக்கும் நியாயமாகப் படுகிறது: "அவங்களும் கத்துக்கட்டுமே." கற்றுக்கொள்வார்கள்தான். வாட்ஸ்அப் கற்றுக்கொள்ளவில்லையா? ஆர்வமாகக் கேட்கிற அப்பாவுக்குச் சொல்லிக் கொடுங்கள், அவர் ஒரு மாதத்தில் உங்களுக்கே புதுச் சேனல் அனுப்புவார். பிடிவாதமாகக் கேபிளைத் துண்டித்துக் கற்றுக்கொள்ள வைப்பதைத்தான் வேண்டாம் என்கிறேன். அது பாடம் இல்லை, தண்டனை.

கரண்ட் பில்லைக் காட்டி டிவி நேரத்தைக் குறைக்கச் சொல்கிறவர்களுக்கும் ஒரு கணக்கு. 32 அங்குல எல்இடி டிவி ஏறத்தாழ 50 வாட். தினம் ஐந்து மணி நேரம் ஓடினால் கால் யூனிட், இரண்டு மாதத்துக்கு 15 யூனிட். வீடுகளுக்கு முதல் 100 யூனிட் இலவசமாக இருக்கும் தமிழ்நாட்டில் இதற்காக அம்மாவிடம் பேசுவது அழகில்லை. பேசுவதானால் சத்தத்தைப் பற்றிப் பேசுங்கள். காது மந்தமாகியிருந்தால், டிவியில் ப்ளூடூத் இருக்கிறதா என்று பார்த்து ஒரு ஹெட்போன் வாங்கிக் கொடுங்கள், அண்டை வீட்டோடு உறவு நீடிக்கும்.

முடிவெடுக்குமுன் செய்ய வேண்டியது சின்ன வேலை. ஒரு வாரம் அவர்கள் எந்தச் சேனல்களுக்குப் போகிறார்கள் என்று கவனியுங்கள். காலையில் ஒரு கோயில் சேனல், மதியம் பழைய பாட்டு, சாயங்காலம் இரண்டு மூன்று சீரியல் சேனல், ஒரு செய்தி. ஐந்தாறுக்கு மேல் வராது. அந்தப் பட்டியலைக் கேபிள்காரரிடம் கொடுத்து, அவையெல்லாம் வரும் மிகச் சிறிய பேக் எது என்று கேளுங்கள். இப்போது கட்டுவதைவிடக் குறைவாக ஒன்று பெரும்பாலும் இருக்கும், கேட்காமல் சொல்லமாட்டார். தனித்தனிச் சேனலாகவும் கூட்டிப் பாருங்கள். பேக்கைவிட அதிகமாக வந்தால் பேக்கே இருக்கட்டும்.

டிவியின் செட்டிங்ஸில், போட்டவுடன் எந்த உள்ளீடு வர வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் இடம் பல மாடல்களில் உண்டு. அதைச் செட்டாப் பாக்ஸ் செருகியிருக்கும் எச்டிஎம்ஐக்கு மாற்றி வையுங்கள். முகப்புத் திரை, மைக், பரிந்துரை எதுவும் குறுக்கே வராது, போட்டதும் நேற்று விட்ட சேனல் வரும். டிவி ரிமோட்டில் ஆன் பட்டனையும் சத்தப் பட்டனையும் விட்டுவிட்டு மற்றவற்றின் மேல் இன்சுலேஷன் டேப் ஒட்டிவிடலாம். பார்க்க நன்றாக இருக்காது. 'டிவி வரல' போன் பாதியாகக் குறையும்.